பல்வலிக்கு ஒரு ஜெல் போதுமா?

வாய்வலியை மரக்கச் செய்யும் மருந்துகள் யாருக்கு உதவும், யாருக்கு ஆபத்து, எப்போது நிறுத்த வேண்டும்? புதுச்சேரியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

பகலெல்லாம் விண்விண்ணென்று தெறித்த பல், ராத்திரி தலையணையில் தலை சாய்த்ததும் வேறு வேகம் பிடிக்கும். படுத்தவுடன் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது, வீங்கிய பற்கூழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பல் ஆஸ்பத்திரி மூடியிருக்கும். கைக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் மனசு தேடும். அஞ்சறைப்பெட்டியில் கிராம்பு, பெட்டிக்கடையில் மூக்குப்பொடி, புதுச்சேரியில் கேட்கவே வேண்டாம், தெருமுனையில் பிராந்தி. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணே, பல்லு வலி உயிர் போவுது, தடவுற மருந்து எதுனா குடுங்க" என்பார்கள். ஒரு சின்ன டியூப் கைமாறும். அதில் என்ன மருந்து இருக்கிறது என்று வாங்குபவர் கேட்பதில்லை. பூசப்போவது தாத்தாவின் ஈறிலா, பல் முளைக்கும் பேரனின் ஈறிலா என்று விற்பவரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

இந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்படாமல் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. மரக்கச் செய்யும் மருந்து நல்ல மருந்து. அது இல்லாமல் இன்று பல் மருத்துவமே இல்லை. ஆனால் அது தருவது கொஞ்ச நேர அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் மருத்துவரிடம் போகிறவருக்கு அது துணை. போகாமல் மறுபடி மறுபடி பூசிக்கொள்கிறவருக்கு அதுவே கெடுதல்.

டியூபுக்குள் என்ன இருக்கிறது?

நம் கடைகளில் வாய்வலிக்கென்று விற்கும் ஜெல்களில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் மாறி மாறி வரும். விற்பனைப் பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

முதலாவது லிக்னோகெய்ன். பல் மருத்துவர் ஊசியில் போடுவதும் இதுவே. 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென், பெங்ட் லுண்ட்க்விஸ்ட் ஆகிய இரு வேதியியலாளர்கள் உருவாக்கியது. நரம்பின் சுவரில் சோடியம் நுழையும் வாசல்களை இது அடைத்துவிடுகிறது. சோடியம் நுழையாவிட்டால் நரம்பில் சமிக்ஞை ஓடாது. வலி பல்லிலேயே நின்றுவிடும், மூளைக்குப் போய்ச் சேராது.

இரண்டாவது பென்சோகெய்ன். வேலை இதே வேலைதான், பூசியவுடன் வேகமாக மரக்கும். 20 சதவீத ஜெல் என்றால் ஒரு கிராம் ஜெல்லில் 200 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் ஒரு பிதுக்கு, அளவில் சின்னது அல்ல.

மூன்றாவது கோலின் சாலிசிலேட். இது ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து. நரம்பை மரக்கச் செய்வதில்லை, வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்கிறது. சில டியூபுகளில் லிக்னோகெய்னோடு சேர்ந்தே வரும். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் 'ரெய்ஸ் சிண்ட்ரோம்' அரிதாக வரலாம் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. அதே அச்சத்தால், 16 வயதுக்குட்பட்டவர்கள் இந்த வகை வாய் ஜெல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று 2009இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. நம் வீடுகளிலோ, வாய்ப்புண் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முதலில் எடுப்பதே அந்த டியூபைத்தான்.

இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது முதல் பல் எட்டிப்பார்க்கும். மூன்று வயதுக்குள் 20 பாற்பற்களும் வந்துவிடும். இந்தக் காலத்தில் எச்சில் ஒழுகும், எதையாவது கடிக்கும், ராத்திரி சிணுங்கும். பார்க்கப் பொறுக்காமல் அம்மாவோ பாட்டியோ ஈறில் ஜெல் தடவுகிறார்கள். அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் ஒழுகும் எச்சிலில் அந்த ஜெல் ஈறில் நிற்பதே இல்லை. மரப்பதற்கு முன்பே வயிற்றுக்குள் போய்விடுகிறது.

பென்சோகெய்ன் உள்ளே போனால் சிலருக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினே மாறிவிடும். 'மெத்தமோகுளோபினீமியா' என்று பெயர். நுரையீரலிலிருந்து உடம்பெங்கும் ஆக்சிஜனை ஏற்றிச் செல்லும் பேருந்துகளாக ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டால், பாதிப் பேருந்துகளில் ஏறும் கதவு திறப்பதில்லை, மீதிப் பேருந்துகளில் ஏறியவர்கள் இறங்க முடிவதில்லை. குழந்தை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உடம்புக்குக் காற்று சேராது. உதடும் நகமும் சாம்பல் நீலமாகும், சோர்ந்து துவளும். ரத்தம் எடுத்தால் சாக்லேட் நிறத்தில் இருக்கும். முதல் தடவை பூசியபோதே வரலாம், பல தடவை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பிறகும் வரலாம். பூசிய சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். மாறிய ஹீமோகுளோபினைத் திரும்பச் சரிசெய்யும் நொதி கைக்குழந்தைகளுக்குக் குறைவு என்பதால் அவர்களுக்கே ஆபத்து அதிகம்.

1971 முதல் 400க்கும் மேற்பட்ட பாதிப்புகள் பதிவான பிறகு, 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தெளிவாக அறிவித்தது: 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வாயில் பென்சோகெய்ன் பூசக் கூடாது. பல் முளைக்கும் வலிக்கென்று அதை விற்பதையே நிறுத்தச் சொன்னது. லிக்னோகெய்னுக்கு அதற்கு முன்பே, 2014இல், கட்டமிட்ட எச்சரிக்கை வந்துவிட்டது. 2 சதவீதக் குழம்பு மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் வலிப்பும், இதயக் கோளாறும், மரணமும்கூட நேர்ந்திருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். அந்தக் குழம்பில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 100 மில்லிகிராம் லிக்னோகெய்ன். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பல் மருத்துவர் ஊசியில் போடக்கூடிய உச்ச அளவே 44 மில்லிகிராம்தான்.

பல் முளைப்பதை ஒரு நோயாக நினைத்து மருந்து கொடுத்துக் குழந்தைகளை இழந்த வரலாறு உலகெங்கும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே ஈறைக் கீறிவிடச் சொன்னார். அந்தப் பழக்கம் முந்நூறு ஆண்டுகள் ஓடியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் விற்ற ஒரு 'சாந்த சிரப்'பில் மார்ஃபின் இருந்தது. பிரிட்டனில் பல் முளைக்கும் பவுடரில் பாதரச உப்பு இருந்தது, கைகால் சிவந்து உரிந்து பிள்ளைகள் வாடினார்கள். புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்த அதே 1954இல்தான் பிரிட்டனில் அந்தப் பாதரசப் பவுடரை நிறுத்தினார்கள். 2008இல் நைஜீரியாவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சிரப்பில் கலந்திருந்த விஷக் கரைப்பான் 84 குழந்தைகளின் உயிரைக் குடித்தது.

அப்படியானால் என்ன செய்வது? கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுங்கள். சுத்தமான ஈரத்துணியைக் குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து, கூடவே இருந்து கடிக்கக் கொடுங்கள். குளிர்ந்திருந்தால் போதும், உறையக் கூடாது. கடுங்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பல் முளைப்பதால் வருவதில்லை. "பல்லு மொளைக்குது, அதான் காய்ச்சல்" என்று வீட்டில் வைத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஜெல் பூசிய பிறகு உதடு நீலமானால் 108ஐ அழையுங்கள். டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த நிலைக்கு மெத்திலீன் ப்ளூ என்ற மாற்று மருந்து உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதால், அப்படி ஏதும் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கிராம்பு, மூக்குப்பொடி, பிராந்தி

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் பல்வலிக்கென்றே கேட்டு வாங்கும் சரக்குகள் பல உண்டு. அக்கரகாரத்தைக் கடித்தால் நாக்கு மரக்கும், அது நிஜம். கிராம்பிலும் விஷயம் இருக்கிறது. அதிலுள்ள யூஜெனால் நரம்பை மட்டுப்படுத்தும். இன்றும் பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். 2006இல் குவைத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஊசி குத்தும் வலியைக் குறைப்பதில் கிராம்பு ஜெல்லும் 20 சதவீத பென்சோகெய்ன் ஜெல்லும் சமமாகவே நின்றன.

ஆகவே பெரியவர்கள் ஒரு கிராம்பை வலிக்கும் பல்லில் வைத்து மெல்ல அழுத்திக்கொள்வதில் தவறில்லை. கிராம்புத் தைலம் வேறு கதை. அது செறிவானது. பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஈறிலோ கன்னத்திலோ பட்டால் வெந்துவிடும். கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. 1993இல் பிரிட்டனில் பதிவான ஒரு நிகழ்வில், 5 முதல் 10 மில்லி கிராம்புத் தைலம் குடித்த 2 வயதுச் சிறுவன் நினைவிழந்து, ஈரல் பாதிக்கப்பட்டு, சாவின் விளிம்புவரை போய் மீண்டான். தைலக் குப்பி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மூக்குப்பொடியும் புகையிலையும் வலியை மந்தமாக்குவதுபோல் தோன்றும். பல்லுக்கு வைத்ததே பழக்கமாகி, அதே இடத்தில் வருடக்கணக்கில் புகையிலை ஊறும். வாய்ப் புற்றுக்கு நேர்வழி அது. பிராந்தியை வாயில் வைத்துக் கொப்பளிப்பது இன்னொரு பழக்கம். சாராயம் பற்கூழுக்குள் இருக்கும் நரம்பை மரக்கச் செய்யாது, ஈறை எரிக்கும். கூடவே பாரசிட்டமாலும் போட்டுக்கொண்டால், தொடர்ந்து குடிப்பவர்களின் ஈரலுக்குச் சுமை. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைத்தால் அந்த இடம் வெள்ளையாக வெந்து உரியும். வலிக்கு மேல் ஒரு புண் மிச்சம்.

கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும் என்பார்கள். பல்லில் புழு இருப்பதாக ஐரோப்பாவும் நெடுங்காலம் நம்பியது. நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார், 1728இல் வெளியிட்ட தம் நூலில் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. சொத்தை புழுவால் வருவதில்லை. சர்க்கரையைத் தின்று வாழும் கிருமிகள் உமிழும் அமிலம் பல்லை அரிக்கிறது. புகையோ ஜெல்லோ அந்த ஓட்டையை மூடாது.

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு

பலரும் ஜெல்லோடு நாளைக் கடத்துவது ஊசிக்குப் பயந்துதான். அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க வேண்டும்.

1884இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் மருத்துவர் கொக்கெய்ன் சொட்டுவிட்டுக் கண்ணை மரக்கச் செய்து காட்டினார். அதே ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் தாடை நரம்பில் ஊசி போட்டுப் பல்லை மரக்கச் செய்தார். தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஹால்ஸ்டெட் கொக்கெய்னுக்கு அடிமையானார். அடர்த்தியான கரைசலால் உயிர்களும் போயின. அப்போது பாரிஸில் பால் ரெக்லூ என்ற அறுவை மருத்துவர், கரைசலை நீர்க்கச் செய்து, அளவைக் குறைத்து, நோயாளியைப் படுக்க வைத்துக் கொடுத்தால் பாதுகாப்பானது என்று நிறுவினார். மருந்தை மாற்றும் முன்பே அளவை மாற்றியவர் அவர். இன்றைக்கும் மரப்பு மருந்தின் பாதுகாப்பு முழுவதும் அந்த அளவில்தான் அடங்கியிருக்கிறது.

இன்று நம் ஊரில் வழக்கமாகப் போடுவது 2 சதவீத லிக்னோகெய்ன், அதோடு சிறிதளவு அட்ரினலின். 2 மில்லி போட்டால் 40 மில்லிகிராம்தான் உள்ளே போகிறது. பெரியவர்களுக்கான உச்ச அளவுக்கு அது வெகு கீழே. அட்ரினலினால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். அதை 'அலர்ஜி' என்று எண்ணிப் பயந்து ஓடியவர்கள் பலர். உண்மையான ஒவ்வாமை மிக அரிது. மயங்கி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பயமும் வெறும் வயிறும்தான். பல் பிடுங்குமுன் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் சாப்பிட்டுவிட்டே போங்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஈரல் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஊசிக்கு முன் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் உண்டு. மேல்பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் பிடுங்கிப் பார்வை போவதில்லை.

கர்ப்பிணிகளைப் பல்வலியோடு பத்து மாதம் பொறுத்திருக்கச் சொல்வதும் தவறு. லிக்னோகெய்ன் ஊசி அவர்களுக்குப் போடத் தக்கது. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம். அவர்கள் தவிர்க்க வேண்டியது, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கடையில் தாங்களாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை.

"எனக்கு ஊசி போட்டும் மரக்கல" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அங்கே லிக்னோகெய்ன் நரம்புக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடும். நாள் கடத்திக் கடத்திக் கடைசியில் வருகிறவருக்கே ஊசியும் கைகொடுக்காமல் போகிறது. வலி தொடங்கிய வாரத்திலேயே வருகிறவருக்கு நன்றாக மரக்கும்.

பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக் கூட்டி வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். பல் வேலை முடிந்த பிறகும் உதடும் நாக்கும் மூன்று நான்கு மணி நேரம் மரத்தே கிடக்கும். பிள்ளை விளையாட்டாகத் தன் உதட்டையே மெல்லும். மறுநாள் காலையில் உதடு வீங்கி, வெள்ளையாகப் புண்ணாகி நிற்கும். மரப்பு விலகும்வரை சாப்பாடு வேண்டாம், பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்.

ஆறாத புண்ணை மூடாதீர்கள்

காரணம் தெரிந்த வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். அதுவரை பெரியவர்கள் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஜெல் பூசிக்கொள்ளலாம். பென்சோகெய்ன் என்றால் நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். பல்செட் உறுத்தி வந்த புண்ணுக்கு ஜெல் மருந்தல்ல, உறுத்தும் முனையைத் தேய்த்துச் சரிசெய்வதே மருந்து. பாக்கும் குட்காவும் மெல்லுகிறவருக்கு மிளகாய் பட்டாலே வாய் எரிகிறது, வாய் முன்போல் திறக்கவில்லை என்றால், அது வாயின் உள்தோல் இறுகும் நோயின் தொடக்கமாக இருக்கலாம். அங்கே ஜெல் பூசிக்கொண்டு பாக்கைத் தொடர்வது புற்றுக்கு இடம் கொடுப்பது.

மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் ஜெல்லை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. இருக்கிற கொஞ்ச எரிச்சலையும் மரக்கச் செய்துவிட்டால், அது தரும் ஒரே எச்சரிக்கையையும் நாமே அணைத்தவர்களாகிறோம்.

ஏற்கெனவே தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களின் நிலை வேறு. வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கவும் முடியாத அவர்களுக்கு லிக்னோகெய்ன் குழம்பு பெரிய ஆறுதல். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு உச்சம் 15 மில்லி, கொப்பளித்துத் துப்ப வேண்டும். மூன்று மணி நேர இடைவெளி அவசியம், நாளுக்கு எட்டுத் தடவையைத் தாண்டக் கூடாது. தொண்டை மரத்திருக்கும்போது சாப்பிட்டால் சோறு மூச்சுக்குழலுக்குள் போய்விடும், ஆகவே ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். காது ரீங்காரம், வாயைச் சுற்றி ஊரல், தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவை வந்தால் காத்திருக்காதீர்கள்

தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல், குரல் மாற்றம். பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. இது இரவோடு இரவாகப் போக வேண்டிய அவசரம். இடது தாடையில் வலி, கூடவே வியர்வை, நெஞ்சில் பாரம் என்றால் அது பல்லே அல்ல, இதயமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஜெல் எடுக்கும் கை, தொலைபேசியை எடுக்கட்டும்.

இந்த ஊருக்குச் சாக்கு இல்லை

1823 ஜனவரி 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் வழிவந்ததுதான் 1964இல் உருவாகி இன்று நாடறிந்த ஜிப்மர். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில், அதற்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று சுற்றுவட்டாரமே சிகிச்சைக்குப் பேருந்து ஏறி வருகிற ஊர் இது. இருநூறு ஆண்டு மருத்துவப் படிப்பு நடந்த ஊரில், முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் அரியாங்குப்பத்திலும் இருக்கிறவர் மாதக்கணக்கில் டியூபோடு நாளைக் கடத்தக் காரணம் இல்லை. அரை நாள் கூலி போகிறதே என்ற கவலை நிஜமானது. ஆனால் இன்று அடைத்தால் தீரும் சொத்தை, நாளை வேர் சிகிச்சை கேட்கும், அதையும் விட்டால் பல்லையே கேட்கும்.

மருந்துக் கடைக்காரர்கள் ஒன்று செய்யலாம். வாய் ஜெல் கேட்டு வருகிறவரிடம் வயதைக் கேளுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் கொடுக்காதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். சுகாதாரத் துறை ஒன்று செய்யலாம். அங்கன்வாடியிலும் தடுப்பூசி முகாமிலும், "பல் முளைக்கும் குழந்தைக்கு மரப்பு ஜெல் பூசாதீர்கள்" என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டலாம். மருந்து நிறுவனங்கள் டியூபின் மேலேயே வயது வரம்பைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சடிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் எளிது. டியூபிலுள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். பூசப்போகிறவரின் வயதைப் பாருங்கள். பட்டாணி அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். பூசிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு நாளில் வலி நிற்கவில்லை என்றால் மூன்றாம் நாள் காலையில் கோரிமேட்டுப் பேருந்தில் ஏறிவிடுங்கள்.